மதிலுக்கு வெளியே கேட்ட நளன்

உண்ணாயி வாரியரின் நளசரிதக் கதகளியில் இரண்டாம் நாள் ஆட்டம் ஒரு தோட்டத்தில் தொடங்குகிறது. கல்யாணம் முடிந்து ஊர் வந்து சேர்ந்த நளனும் தமயந்தியும் அங்கே உலாவுகிறார்கள். அவளுக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை. அதை விட்டுவிடச் சொல்லி நளன் கெஞ்சுகிறான். பாடுவது பின்னால் நிற்கிற பாகவதர்கள். நளன் கையாலும் கண்ணாலும் பேசுகிறான். தோடி ராகம். காலம் அவ்வளவு இறங்கியது, ஒரு தாளவட்டம் முடிவதற்குள் ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுவிடலாம். என் பாட்டா அப்படித்தான் அதை அளந்தார். கதகளி தெரிந்தவர்கள் இதைப் பதிஞ்ச பதம் என்பார்கள். விட்டுவிடாமல் ஆடினால் அரை மணிக்குக் குறையாது.

பாட்டா இந்தப் பதத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டு மனப்பாடம் பண்ணியிருந்தார். 1936 நவம்பரில் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிடும்வரை எங்களைப் போன்றவர்களுக்கு மதிலுக்கு உள்ளே இடமில்லை. திருவிழா ராத்திரிகளில் களி நடந்தது மதிலுக்கு உள்ளே. சிறுவனாக இருந்த பாட்டா, எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று விதித்திருந்தார்களோ அவ்வளவு தூரத்தில், ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்து கேட்பாராம். அந்தியில் களிக்கு அறிவிப்பாக வரும் கேளிகொட்டு கேட்டதுமே வீட்டிலிருந்து இறங்கிவிடுவார். மைக் கிடையாது. சேங்கிலையும் செண்டையும் மத்தளமும் பாகவதரின் தொண்டையும் இருட்டைத் தாண்டி வரும். யார் அரங்கில் நிற்கிறார்கள், முகத்துக்கு என்ன நிறம், தலையில் என்ன கிரீடம், ஒன்றும் தெரியாது. செண்டை ஓய்ந்து இடைக்கை கேட்டால் பெண் வேஷம் வந்திருக்கிறது. அலறல் கேட்டால் தாடி வேஷம். அவருக்குக் கிடைத்த கதகளி அவ்வளவுதான்.

எங்கள் பெருங்கடவிளைக்குப் பக்கம்தான் அருவிப்புறம். 1888 சிவராத்திரியில், உள்ளே விடப்படாதவர்களுக்காக, நாராயண குரு நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லை அங்கே சிவனாக நிறுத்தினார். அந்தக் கல்லுக்கும் கோயில் வாசல் திறந்ததற்கும் நடுவில் 48 வருஷம். பாட்டா பிறந்ததும் வளர்ந்ததும் பலாமரத்தடியில் உட்கார்ந்ததும் அதற்குள்தான்.

வாசல் திறந்தபின் முதல் முறையாக உள்ளே போய் நளனைப் பார்த்தபோது என்ன தோன்றியது என்று நான் கேட்டிருக்கிறேன். "நான் நெனச்சு வெச்சிருந்த நளன் இல்ல மக்களே. ஆனா பாட்டு அதேதான்" என்றார். அவர் மனத்தில் ஆடிக்கொண்டிருந்த நளனுக்குப் பச்சை முகம் கிடையாது, தாடையோரத்து வெள்ளைச் சுட்டி கிடையாது. என்ன மாதிரி இருந்தான் என்று எத்தனை கேட்டும் சொல்லவில்லை.

பழைய கதையைப் பழைய மாதிரியே ஆட வேண்டுமா, புதிதாக ஆடலாமா என்ற பேச்சு எங்கே வந்தாலும் எனக்கு முதலில் பாட்டாவின் அந்த நளன்தான் நினைவுக்கு வருகிறான். போன வருஷம் அந்தப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என் அக்கா மகன். திருவனந்தபுரத்தில் கணினி வேலை. ஓபரா கேட்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் போனை என் முன்னால் வைத்து, "மாமா, ரைன் நதிக்கு அணை கட்டி வெச்சிருக்கான் பாருங்க" என்றான்.

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ரிங் ஓபரா. நான்கு மாலைகள், ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் பாடி நடிக்கிற ஒரே கதை. வாக்னர் தன் நாடகங்களுக்கென்றே பைராய்த் என்ற ஊரில் கட்டிய அரங்கத்தில் 1876இல் முதன்முதலாக முழுதும் ஆடியது. நூறு வருஷம் கழித்து, 1976இல், அதே அரங்கில் பத்ரீஸ் ஷெரோ என்ற பிரெஞ்சு இயக்குநர் கதையைத் தொழிற்சாலைக் காலத்துக்குத் தூக்கி வைத்தார். கதை தொடங்கும் இடத்தில் நதிக்கன்னிகள் தண்ணீருக்கு அடியில் நீந்த வேண்டும். திரை விலகினால் நீர்மின் அணைக்கட்டு நிற்கிறது. தேவர்கள் கோட்டு போட்ட முதலாளிகளைப் போல வருகிறார்கள். பார்க்க வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள், விசில் அடித்தார்கள். 1980இல் அதே தயாரிப்பைக் கடைசியாக ஆடியபோது, எழுந்து நின்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கை தட்டினார்கள்.

எனக்கு அந்த அணைக்கட்டு கொஞ்சமும் அந்நியமாகத் தெரியவில்லை. எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிற நெய்யாற்றுக்கும் மேலே கள்ளிக்காட்டில் அணை நிற்கிறது. அணைக்கு முன்னால் ஆறு எப்படிக் கரை புரண்டு வரும் என்று சொல்ல வீட்டில் ஆள் இருந்தார்கள். அந்தக் கதை ஆற்றுக்கு அடியிலிருந்து ஒருவன் பொன்னைத் திருடுவதில் தொடங்குகிறது. அப்படிக் கதை சொல்லிவிட்டு, அந்த ஆற்றை அணைக்குள் நிறுத்திக் காட்டினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அணை இல்லை. "பாட்டுல ஏதாவது வெட்டியிருக்கானா?" என்று கேட்டேன். அவன் ஒரு மாதிரி பார்த்தான். "பாட்டுல கை வெக்க முடியுமா மாமா? வாக்னர் எழுதின சுரம் ஒண்ணு விடாம வாசிப்பாங்க. இசைக்குழுவ நடத்துனது பியர் பூலேஸ்." அதாவது, கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் மாற்றினார்கள், காதுக்கு வருவதில் ஒன்றையும் தொடவில்லை.

நம்மிடத்தில் தலைகீழ். கண்ணுக்குத் தெரிவதில் எதையும் தொட விட மாட்டோம். சுட்டியின் அகலம், கிரீடத்தின் வட்டம், உடுத்துக்கட்டின் விரிவு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். பாட்டை மட்டும் கேட்பாரில்லாமல் வெட்டுகிறோம்.

இந்த வெட்டைக் கண்ணால் பார்த்தது சில வருஷத்துக்கு முன்னால், நகரத்தில் ஒரு குளிரூட்டிய அரங்கத்தில். இரண்டாம் நாள் என்று போட்டிருந்தது. அணியும் உடையும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. மேடைக்கு முன்னால் பித்தளை ஆட்டவிளக்கு, இரண்டு திரி. ஆட்டக்காரனைப் பார்த்த திரி தடிமனாக, நம்மைப் பார்த்தது மெலிதாக, முறைப்படி. விளக்கு எரிந்தது, ஆனால் வெளிச்சம் மேலே இருந்த மின்விளக்குகளிலிருந்து வந்தது. தோட்டத்துப் பதம் பல்லவியோடும் ஒரு சரணத்தோடும் முடிந்தது. உடனே புஷ்கரன், உடனே சூது, உடனே காடு. தூங்குகிற தமயந்தியை விட்டுவிட்டு நளன் போகிறபோது நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வரும்போது பக்கத்தில் ஒருவர் மனநிறைவோடு சொன்னார், எல்லாம் பழைய மாதிரியே இருக்கிறது என்று.

பழைய மாதிரி இருந்திருந்தால் அந்தக் காடு என்னை அறுத்திருக்கும். உண்ணாயி வாரியர் அந்தத் தோட்டத்தைக் கதைக்கு முகவுரையாக வைக்கவில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிற சுகத்தில் நம்மையும் இருத்தி, நேரம் போவதே தெரியாமல் அந்த மகிழ்ச்சியைப் பழக்கமாக்கிவிடுகிறார். பின்னிரவில் அதே நளன் அதே பெண்ணின் சேலையில் பாதியை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போகும்போது நமக்கும் ஏதோ போகிறது. தோட்டத்தில் கொடுக்காததைக் காட்டில் பிடுங்க முடியாது. வெட்டுகிறவர்கள் நேரத்தை மிச்சம் பிடித்ததாக நினைக்கிறார்கள்.

களி பார்க்கப் பாட்டா என்னைக் கூட்டிப்போனது திருவட்டாற்றுக்கு. 1956 நவம்பர் முதல் தேதி எல்லை பிரிந்தபோது விளவங்கோடும் திருவட்டாறு இருந்த கல்குளமும் அந்தப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டன. எங்கள் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லை எங்கே விழுந்தாலும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளுக்குப் பங்குனியிலும் ஐப்பசியிலும் திருவிழா, திருவிழாவுக்குக் களி. இன்றைக்கும் அந்தத் தமிழ்நாட்டுக் கோயிலில் கதகளி தொடர்ந்து நடக்கிறது என்று சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். வெள்ளறடை பஸ் பிடித்து, பனச்சமூட்டில் இறங்கி, அருமனை வழியாகப் போவோம். பங்குனியில் ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருக்கும். மற்ற மாதங்களில் விடியுமுன் கத்தியோடு மரத்தடியில் நிற்க வேண்டியவர்களுக்கு ராத்திரி முழுக்க உட்கார அந்த ஒரு காலம்தான் வாய்க்கும்.

அங்கே அணியறைத் தட்டியின் இடுக்கு வழியாக நான் பார்த்ததை மறக்க முடியாது. ஒரு மனிதர் பாயில் மல்லாந்து கிடக்கிறார். தலைமாட்டில் சுட்டிக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்து, அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த விழுதைத் தாடையோரமாக ஒரு வரி வைக்கிறார், உலர விடுகிறார், அதன்மேல் இன்னொரு வரி. கிடக்கிறவர் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, அசந்து தூங்கலாம். தூங்கினார். மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. முகம் பாதி அவருடையதாகவும் பாதி வேறு யாருடையதாகவும் இருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் சுண்டைப்பூ விதையைக் கண்ணிமைக்குள் வைத்து உருட்டினார். கண் சிவந்தது. பிறகு விளக்கைத் தொட்டுக் கும்பிட்டுக் கிரீடத்தை எடுத்தார். அந்தக் கணம் வரை அவரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்த ஆட்கள் சட்டென்று விலகி வழி விட்டார்கள்.

ஆகவே உடையும் முகமும் வெறும் அலங்காரம் என்று நான் சொல்லமாட்டேன். அக்கா மகன் அன்றைக்கு அதைத்தான் கேட்டான். "அப்போ நளன் சட்டை பேன்ட் போட்டுட்டு வந்தா சம்மதமா மாமா, பாட்டு முழுசா இருந்தா?" நல்ல கேள்வி. ஓபராவில் உடை, இயக்குநர் தேர்ந்தெடுப்பது. கதகளியில் உடை, எழுத்தின் ஒரு பகுதி. பச்சை என்றால் ஒரு குணம், கத்தி என்றால் ஒரு குணம், சிவந்த தாடி, கரி, மினுக்கு, ஒவ்வொன்றும் ஒரு பேச்சு. அதைக் கழற்றினால் சுரத்தைக் கழற்றின மாதிரிதான். அப்படியானால் பாட்டுக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஒன்றும் மாறாமல் வந்த கலை என்று பேசுகிறவர்களோடும் என்னால் சேர முடியாது. கொட்டாரக்கரைத் தம்புரான் கதகளிக்கு முன்னோடியான ராமனாட்டத்தைக் கட்டிய நாளில் ஆடுகிறவர்களே பாடினார்கள், ஓபராவில் இன்றைக்குப் பாடுகிற மாதிரி. வெட்டத்து ராஜாதான் பாட்டைப் பிரித்துப் பின்னால் நின்ற பாகவதர்களிடம் கொடுத்தார். செண்டையைக் கொண்டுவந்ததும் அவரே. அந்தக் காலத்துப் பெரியவர்கள் மனம் நொந்திருப்பார்கள். ஆனால் அந்த மாற்றம் இல்லாவிட்டால் நளனின் முகம் இவ்வளவு தூரம் போயிருக்காது. மூச்சு பாட்டுக்குப் போகாமல் முழுதும் கண்ணுக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டில் காப்லிங்காட்டு நாராயணன் நம்பூதிரி நம் தெற்கத்திச் சிட்டையை, அதாவது தெற்கத்தி ஆட்டமுறையை, திருத்தி அமைத்தார். கார்த்திகைத் திருநாள் மகாராஜா தானே ஆட்டக்கதைகள் எழுதினார், நடிப்புக்கு இலக்கணமாகப் பாலராமபரதமும் எழுதினார். இவர்கள் எல்லாம் கலையைத் திறந்து உள்ளே கை விட்டவர்கள். எதற்காக விட்டார்கள் என்று பார்த்தால், ஆட்டக்காரனுக்கு இன்னும் இடம் வேண்டும், இன்னும் நேரம் வேண்டும் என்பதற்காக.

தெற்கத்திச் சிட்டையைச் சொன்னதும் மடவூர் வாசுதேவன் நாயர் வந்துவிடுகிறார். 2018 பிப்ரவரியில் அஞ்சல் என்ற ஊரில் அகஸ்தியக்கோடு மகாதேவர் கோயிலில் ராவணனாக ஆடிக்கொண்டிருந்தபோதே அரங்கில் சாய்ந்து உயிர் விட்டார். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் அவ்வளவு கனத்த உடுத்துக்கட்டோடு நின்றவர், இரண்டு வரியில் முடித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போயிருக்கலாம். போகவில்லை.

புதிய கதைகளை ஆடிப் பார்த்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1989இல் டேவிட் மக்ருவி, அனெத் லெதே என்ற இருவர் கலாமண்டலம் என்ற கதகளிப் பள்ளியின் ஆசான்மாரோடு சேர்ந்து ஷேக்ஸ்பியரின் லியர் ராஜாவைக் கதகளியாக்கினார்கள். ஐரோப்பாவில் பல ஊர்களிலும் 1999இல் லண்டன் குளோப் அரங்கிலும் ஆடினார்கள். அவர்கள் செய்ததில் ஒரு நேர்மை இருந்தது: கதை புதிது என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அதைப் பற்றிச் சண்டை போட முடிந்தது, போட்டார்கள். குறுக்கி வெட்டிய நளனைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை, அவன் பழைய உடையில் வருகிறான் என்பதால்.

இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், இராவணேசன் என்று படித்தவர்கள் பார்த்தார்கள். கூத்தாடிகள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் கலை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. அந்தச் சுருக்கலுக்கு ஒரு காரணம் இருந்தது, அதை நான் மதிக்கிறேன். அவர் சுருக்கினாலும் ஊரில் களரி விடிய விடிய நடந்துகொண்டிருந்தது; ஒன்று இன்னொன்றைத் தின்னவில்லை. இங்கே ஊரிலேயே முழு ராத்திரி இல்லாமல் போய்விட்டது. சுருக்கப்பட்டது எது என்று காட்ட ஒரு மூலம் வேண்டாமா?

பைராய்த்திலேயே 1951இல் வாக்னரின் பேரன் வீலாண்ட் மேடையிலிருந்த மரம், பாறை, கோட்டை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு வெறும் வெளிச்சத்தில் ஆட வைத்தார் என்று அக்கா மகன் சொன்னான். அந்தப் பழைய மேடைக்கு முன்னால் ஹிட்லர் வந்து உட்கார்ந்து ரசித்திருந்தான். அந்தக் கறையோடு அந்த மேடையை வைத்திருக்க முடியாது. இது எனக்கு விளங்கியது, யாரும் விளக்காமலே. எங்கள் பழமைக்கும் ஒரு மதில் இருந்தது. அந்த மதிலும் முறை என்றுதான் சொன்னார்கள்.

கலாமண்டலம் ஹைதராலி பாட வந்தபோதும் மதில் இருந்தது. கதகளிப் பாட்டில் அவ்வளவு தேர்ந்த குரல். முஸ்லிம் என்பதால் பல கோயில்களில் உள்ளே நின்று பாட முடியவில்லை. ஹரிப்பாட்டுப் பக்கம் ஒரு கோயிலில் மதிலின் ஒரு பகுதியை இடித்து, மேடையை வெளியே நீட்டி, அவரை மதிலுக்கு அப்புறம் நிற்க வைத்துப் பாட வைத்தார்கள். ஆட்டம் உள்ளே, பாட்டு வெளியே. 2006இல் அவர் விபத்தில் இறந்த செய்தி வந்த அன்றைக்குப் பாட்டா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். வெளியே உட்கார்ந்து கேட்டவருக்கும் வெளியே நின்று பாடியவருக்கும் சொந்தமாக இருந்தது அந்தப் பாட்டுதான். அதை அரை மணியிலிருந்து ஐந்து நிமிஷமாக நறுக்குகிறவர்கள் யாருடைய பங்கை நறுக்குகிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

நேரமில்லை என்பதை நான் தள்ளிவிடவில்லை. கடைசி பஸ், பிள்ளைகளுக்குப் பரீட்சை, காலையில் வேலை. எல்லாவற்றுக்கும் மேலே 2000ஆம் ஆண்டு வந்த ஒலிமாசு விதிகள்: ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, திருவிழாவென்றால் சில நாட்களுக்குப் பன்னிரண்டு வரை அரசு அனுமதி தரலாம். ஆக, பன்னிரண்டுக்குள் தமயந்தி காட்டைக் கடந்தாக வேண்டும். விதி நல்ல விதி. பக்கத்து வீட்டில் நோயாளி இருக்கிறார்.

போன மாதம் எங்கள் பக்கத்துக் கோயில் உற்சவக் கமிட்டி கூடியபோது எழுந்து சொன்னேன். பங்குனியில் ஒரு ராத்திரி, இரண்டாம் நாள் மட்டும், ஒரு சரணம் விடாமல். பத்து மணிக்கு மைக்கை நிறுத்திவிடுவோம். மின்விளக்கும் வேண்டாம், ஆட்டவிளக்கு போதும், ஜனங்கள் கிட்டே வந்து உட்காரட்டும். விதி பாகவதரின் தொண்டையைத் தடுக்கவில்லை. மைக் இல்லாமல் மதிலைத் தாண்டிப் போன பாட்டு, முற்றத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கேட்காதா?

பின்வரிசைக்குக் கேட்காது என்றார்கள். முப்பது பேர்கூட விடியும்வரை இருக்க மாட்டார்கள் என்றார்கள். இருக்கிற முப்பது பேருக்கு ஆடலாம் என்றேன். ஸ்பான்சர் ஒத்துக்கொள்வாரா என்று ஒருவர் கேட்டார்; அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவரையே போய்க் கேட்டு வருவதாகச் சொன்னேன். கடைசியில், பாடுகிறவர் சம்மதித்தால் பார்க்கலாம் என்று முடித்தார்கள்.

மறுநாளே அந்த இளம் பாகவதரைப் பார்க்கப் போனேன். முப்பது வயது இருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். அந்தப் பதத்தை ஆசானிடம் முழுசாகப் படித்திருக்கிறார், மேடையில் ஒரு தடவைகூட முழுசாகப் பாடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "மைக் இல்லாம அந்தக் காலத்துல நிக்கணும்னா மூச்சு வேற மாதிரி வேணும் சார். கொஞ்ச மாசம் குடுங்க" என்றார். தினமும் விடியற்காலையில் நெய்யாற்றங்கரையில் போய் நின்று சாதகம் பண்ணுகிறாராம். கூடப் பாடும் சிங்கிடிக்கு ஆள் பார்த்தாயிற்று. நளனுக்கு ஒரு ஆசானிடம் பேசியிருக்கிறோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, தோட்டத்தில் தன்னை யாரும் அவசரப்படுத்தக் கூடாது.